எந்த எண்ணை எழுதுவது?

ஐயா, வணக்கம்.

புற்றுநோய் மருந்தைச் சுமந்து செல்லும் தங்க நானோ துகள்களைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். தூய நீரில் தயாரித்த ஒரே மாதிரியில் துகளின் விட்டம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 12 நானோமீட்டரும், டி.எல்.எஸ். என்னும் ஒளிச்சிதறல் கருவியில் 31 நானோமீட்டரும் வந்தன. சிறிய எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எது சரி?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டையும் எழுதுங்கள், எந்தக் கருவியில், எந்தத் திரவத்தில் அளந்தீர்கள் என்பதையும் விடாமல் எழுதுங்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், ஒப்பீட்டுக்காக ஆர்.எம். 8011 என்ற தங்கத் துகள் மாதிரியை வெளியிட்டது. 10 நானோமீட்டர் என்று பெயரளவில் சொல்லப்படும் அந்த மாதிரிக்கு, ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 8.9, அணுவிசை நுண்ணோக்கியில் 8.5, டி.எல்.எஸ்.-இல் 13.5 என்று முறைக்கொரு எண்ணை அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள்.

நுண்ணோக்கி, செம்பு வலையின் மேல் உலர்ந்து கிடக்கும் உலோகக் கருவை மட்டுமே காட்டுகிறது. டி.எல்.எஸ். கருவியோ, துகள் திரவத்தில் எவ்வளவு விரைவாக அலைகிறது என்பதைச் சிதறும் லேசர் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து கணித்து, மேற்பூச்சையும் அதோடு சேர்ந்து நகரும் நீரையும் உள்ளடக்கிய விட்டத்தைத் தருகிறது. ஆனாலும் 12-க்கும் 31-க்கும் இடையிலான வேறுபாடு மேற்பூச்சால் மட்டும் வந்ததென்று நான் உடனே நம்பமாட்டேன். இவ்வளவு சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், 100 நானோமீட்டர் அளவுள்ள ஒரே துகள், 10 நானோமீட்டர் அளவுள்ள 10 லட்சம் துகள்களுக்கு ஈடான ஒளியைத் தரும். திரண்ட துகள்களோ, குவெட்டில் (மாதிரியை ஊற்றி அளக்கும் சிறு குப்பியில்) விழுந்த தூசியோ சிறிதளவு இருந்தாலே சராசரி ஏறிவிடும். ஆகவே சராசரியோடு நிற்காமல் முழுப் பரவலையும் பாருங்கள். மாதிரியை நீர்க்கச் செய்து மீண்டும் அளவிடுங்கள். வடிகட்டியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, இரண்டு எண்களுமே தூய நீரில் தயாரித்த மாதிரிக்கு உரியவை என்பதுதான். சிட்ரேட் மட்டும் பூசிய தங்கக் கரைசலில் இரத்தத்தில் உள்ள அளவுக்கு உப்பைச் சேர்த்தால், துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, சிவப்பு நிறம் கண்ணெதிரே ஊதாவாக மாறும். இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவமான சீரத்தில் இட்டாலோ புரதங்கள் துகளின் மேல் படிந்துகொள்கின்றன. உடலின் செல்கள் பெரும்பாலும் எதிர்கொள்வது அந்தப் புரத உறையைத்தான். மருந்துக்கான துகள் என்றால் சீரத்தில் இடுவதற்கு முன்னும் பின்னும் அளந்தே ஆக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேரிலாந்தில் 2004-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் நானோ ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்கு வந்த மாதிரிகள் பலவற்றில் எண்டோடாக்சின் என்னும் பாக்டீரிய நஞ்சு கலந்திருந்தது. அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் பாக்டீரியா சாகுமே தவிர, இந்த நஞ்சு எளிதில் அழியாது. அது இருக்கும் மாதிரியை எலிக்குச் செலுத்தினால், வரும் அழற்சி தங்கத்தாலா நஞ்சாலா என்று பிரித்தறிய முடியாது. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து செய்யும் எல்.ஏ.எல். சோதனையில் இதைக் கண்டறியலாம். ஆனால் தங்கத் துகள் 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியைத் தானே உறிஞ்சுவதால், நிறத்தை வைத்து அளக்கும் முறை பிழையான முடிவைத் தரக்கூடும். அதனால் தெரிந்த அளவு எண்டோடாக்சினை உங்கள் மாதிரியில் வேண்டுமென்றே கலந்து சோதியுங்கள். அதில் 50 முதல் 200 சதவீதம் வரை மீண்டும் அளவில் தெரிந்தால்தான் அந்தச் சோதனையின் முடிவை ஆய்வேட்டில் சேர்க்கலாம்.