எஸ்ஜிபிடி 212: குடியாலா, கெமிக்கலாலா?

கேள்வி: வயது 31. ரெக்சின் ஆலையில் பூச்சுப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பிசினை டிஎம்எஃப் என்ற கரைப்பானில் கரைக்கிறோம். ஒரு மாதமாக மேல்வயிற்றில் வலி, குமட்டல். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 212, எஸ்ஜிஓடி 98 (இரண்டும் ஈரல் நொதிகள்), பிலிருபின் 1.1. எப்போதாவது பீர் குடிப்பேன். இப்போது அரை பாட்டிலிலேயே முகம் சிவந்து படபடக்கிறது. குடியை விட்டால் சரியாகிவிடுமா?

பதில்: குடியை நிறுத்துங்கள், ஆனால் எனக்கு முதல் சந்தேகம் டைமெத்தில்ஃபார்மமைடு, அதாவது அந்த டிஎம்எஃப் மீதுதான். குடியால் ஈரல் கெட்டால் பெரும்பாலும் எஸ்ஜிஓடிதான் அதிகமாக இருக்கும். உங்களுக்குத் தலைகீழ். முகம் சிவப்பதும் முக்கியத் தடயம்: டிஎம்எஃப் உடலில் ஆல்கஹால் முழுதாகச் சிதைவதைத் தடுப்பதால், பாதியில் உண்டாகும் அசிடால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் தேங்குகிறது. வேலையை விட்டுச் சில நாள் ஆன பிறகும் இது வரலாம்.

மாஸ்க் போடுகிறேனே என்பீர்கள். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. அதைவிடப் பெரிய ஓட்டை தோல். டிஎம்எஃப் தோல் வழியே எளிதாக உள்ளே போகும். ஒட்டிய பிசினைக் கழுவ அதிலேயே கையை முக்கும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு; காற்றில் டிஎம்எஃப்பின் 8 மணி நேரச் சராசரி, வரம்பான 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருந்தாலும் ஈரலைக் கெடுக்க அந்தப் பழக்கம் ஒன்றே போதும். சாதாரண லேடெக்ஸ் கையுறையில் விரைவில் ஊடுருவிவிடும், பியூட்டைல் ரப்பர் கேளுங்கள்.

இப்போதைக்கு அந்தப் பிரிவை விட்டு விலகுங்கள். விலகும் முன், முடிந்தால் ஷிஃப்ட் முடிவில் சிறுநீரில் என்-மெத்தில்ஃபார்மமைடு (உடலில் டிஎம்எஃப் மாறி வெளியேறும் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்காக விலகுவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, ஈ பரிசோதனைகள், ஐஎன்ஆர் (ரத்தம் உறைவதைப் பார்க்கும் பரிசோதனை), அல்ட்ராசவுண்ட் ஆகியவையும் தேவை. இரண்டு வாரத்தில் எஸ்ஜிபிடியை மறுபடி பாருங்கள். காரணம் டிஎம்எஃப்தான் என்றால் இறங்கத் தொடங்கியிருக்கும். முழுதும் இயல்பாகச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். குறைந்ததே என்று அதே இடத்துக்குத் திரும்பினால் மறுபடி ஏறும்.

வலிக்குப் பாராசிட்டமால் நீங்களாகப் போடாதீர்கள். கீழாநெல்லி குடித்துக்கொண்டே அங்கே வேலை செய்வதில் பயனில்லை. கண் மஞ்சளானாலோ, ஐஎன்ஆர் 1.5ஐத் தொட்டாலோ, மயக்கமும் குழப்பமும் வந்தாலோ அன்றே மருத்துவமனை.

டிரம்மின் லேபிளைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டி, செய்யும் வேலையையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இஎஸ்ஐயில் தொழில்சார் நோய் என்று கோர அது வேண்டும். உடன் வேலை செய்பவர்களும் எஸ்ஜிபிடி பார்க்கட்டும். ஒரு தொந்தரவும் இல்லாமலே ஏறியிருக்கலாம்.