முதலில் உள்ளே இருப்பவர் மூச்சு விடட்டும்

கேள்வி: எனக்கு வயது 23. குலசேகரத்துக்குப் பக்கத்தில் வீடு. மாமாவின் தோட்டத்து ரப்பர் பாலையும் பழைய மெத்தை ஃபோமையும் வைத்து ராட்சதப் பல்லி உடை ஒன்றைச் செய்தேன். பள்ளி ஆண்டு விழாவில் அதைப் போட்டுக்கொண்டு ஆடியபோது பத்தாவது நிமிடத்தில் மூச்சு முட்டிக் கண் இருண்டது. முதுகுப்பக்க ஜிப்பைத் திறக்க நண்பர்கள் திணறிவிட்டார்கள். அன்று இரவு கை, கழுத்தெல்லாம் தடிப்பு. மூன்றே மாதத்தில் உடையும் பிசுபிசுத்துக் கிழிந்துவிட்டது. “இனி இதைத் தொடாதே” என்கிறார் அம்மா. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தடியில் செதில்களை ஓலை வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். சொல்லித்தர ஆளில்லாமல் இப்படி ஒரு கை வாய்த்திருக்கும்போது, விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உங்கள் அம்மா பயந்ததில் தவறே இல்லை.

உடனே கவனிக்க வேண்டியது அந்தத் தடிப்பு. ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா தோலை எரித்திருக்கலாம். அப்படியென்றால் கையுறையும் காற்றோட்டமும் போதும். ரப்பர் பாலில் உள்ள புரதமே உங்களுக்கு ஒவ்வாமல் போயிருந்தால் விஷயம் வேறு. பலூன் ஊதும்போது உதடு வீங்கியதுண்டா? வாழைப்பழமோ பப்பாளியோ தின்றால் வாய் அரிக்கிறதா? ரப்பர் ஒவ்வாமை உள்ள சிலருக்கு இந்தப் பழங்களும் ஒத்துக்கொள்வதில்லை. தோல் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யும்வரை ரப்பரைத் தொடாதீர்கள். ஒவ்வாமைதான் என்று தெரிந்தால் அடுத்த உடையில் ஒரு சொட்டு ரப்பர் பால்கூட வேண்டாம். செருப்புக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. ஃபோமிலும் துணியிலும் அருமையான பூதங்களைச் செய்யலாம்.

இனி அந்தப் பத்து நிமிடம். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். ஃபோம் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். மேலே பூசிய ரப்பர் காற்றை அடைத்துவிடும். போதாததற்கு, முகமூடிக்குள் நீங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுத்திருக்கிறீர்கள். இது பெரிய ஸ்டுடியோக்களுக்கும் நேர்ந்ததுதான். 1954-இல் ஜப்பானில் ‘காட்ஸில்லா’ படத்துக்கு முதலில் செய்த உடை ஏறத்தாழ 100 கிலோ. அதற்குள் நின்ற நடிகர் ஹருவோ நகாஜிமாவால் நடக்கவே முடியவில்லை. பிறகு எடை குறைந்த இன்னொன்றைச் செய்தார்கள். அதிலும் விளக்குகளின் சூட்டில் சில நிமிடங்களுக்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. உள்ளே போட்ட பனியனைப் பிழிந்தால் வியர்வை கொட்டியது. அப்படியும் 1972 வரை அவர் அந்த வேடத்தைப் போட்டார்.

ஆகவே அடுத்த முறை செதிலிலிருந்து தொடங்காதீர்கள். தலையிலிருந்து தொடங்குங்கள். பிறர் உதவியின்றி, ஒரே கையால், ஐந்து விநாடிக்குள் நீங்களே கழற்றும்படி தலை தனியாக இருக்க வேண்டும். முதுகில் ஜிப் வேண்டாம். பக்கவாட்டில் வெல்க்ரோ வையுங்கள். பல்லியின் வாயையும் தாடைக்கு அடியையும் கறுப்பு வலைத்துணியால் மூடினால், பார்ப்பவருக்கு அது நிழலாகத் தெரியும், உங்களுக்கு ஜன்னலாக இருக்கும். கணினிக்குள் இருக்கும் சிறு மின்விசிறி ஒன்றை உச்சியில் பொருத்தி, பவர் பேங்கில் இணைத்துச் சூடான காற்றை வெளியே தள்ளுங்கள். பத்து நிமிடம் ஆடினால் இருபது நிமிடம் வெளியே உட்கார வேண்டும். மத்தாப்பு, கற்பூரம், பீடி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. மெத்தை ஃபோம் நொடியில் பற்றிக்கொள்ளும், அதன் புகை விஷம். இதில் மட்டும் எனக்குச் சமரசமே கிடையாது.

ரப்பர் ஏன் பிசுபிசுத்தது என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மரத்தில் வெட்டிய பாலை அப்படியே பூசியிருக்கிறீர்கள். பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் மாறும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பிறகே ரப்பர் நம்பத்தக்க பொருளாயிற்று. அப்படி முன்கூட்டியே பதப்படுத்திய திரவ ரப்பர் தனியாகக் கிடைக்கிறது. கையுறையும் பலூனும் செய்வோர் வாங்குவது அதைத்தான். நிறத்தைக் காய்ந்த ரப்பரின்மேல் அடித்தால் வெடிக்கும். பாலிலேயே நிறத்தைக் கலந்து, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள். ஈரத்தில் வெளுப்பாகத் தெரிவது காய்ந்ததும் அடர்ந்துவிடும். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் ரப்பரே வேண்டாம். இழுபடும் துணியை வைத்துத் தையுங்கள். மடிப்புகளில்தான் உடை எளிதில் கிழியும்.

ரப்பருக்கு எண்ணெய் எமன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த நாளில் அந்த முகமூடியைப் போடாதீர்கள்; குளித்துவிட்டுப் பருத்திக் குல்லாய் போட்டபின் அணியுங்கள். கழற்றியதும் உட்புறத்தைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி, பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து வையுங்கள்.

வீட்டில் செய்ததுதானே என்று தாழ்வாக நினைக்காதீர்கள். 1950-களில் பால் பிளெய்ஸ்டெல் என்ற அமெரிக்கர், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய மலைப்பகுதியில் இருந்த தம் வீட்டில், மனைவி ஜாக்கியின் துணையோடு சினிமா பூதங்களைச் செய்தார். நீண்ட உள்ளாடைமேல் ஃபோம் துண்டுகளை ஒட்டி, ரப்பர் பூசி, பல படங்களில் அவரே உள்ளே புகுந்து நடித்தார். கையில் பணம் குறைவு, நாளும் குறைவு.

அவருக்கு மனைவி இருந்ததுபோல உங்களுக்கும் வெளியே நிற்க ஒருவர் வேண்டும். கடிகாரம் பார்க்கவும், தண்ணீர் கொடுக்கவும், நீங்கள் இரண்டு முறை கை தட்டினால் ஓடிவந்து தலையைத் தூக்கவும் அந்த ஆள் பழகியிருக்க வேண்டும். அம்மாவையே கேளுங்கள். புதிய தலை தயாரானதும், மற்ற எதையும் செய்வதற்கு முன், அவர் எதிரில் அதை மாட்டிக் கழற்றிக் காட்டுங்கள். பிறகு அவரையே கழற்றச் சொல்லுங்கள். அவர் கைக்கு எளிதாக வராவிட்டால், பூட்டை மாற்றிவிட்டு மறுபடியும் காட்டுங்கள்.