ம்யூனிக்கில் அறை தேடுவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கே: மகளுக்கு ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் முதுகலை இடம் கிடைத்துள்ளது. அக்டோபரில் வகுப்பு. பல்கலையே விடுதி தருமா? (ஒரு தந்தை, திருச்சி)

தராது. ஜெர்மனியில் மாணவர் விடுதிகளைப் பெரும்பாலும் ‘ஸ்டுடீரெண்டன்வெர்க்’ என்ற தனி அமைப்புதான் நடத்துகிறது. ம்யூனிக்கில் அதன் காத்திருப்புப் பட்டியல் செமஸ்டர் கணக்கில் நீளும். விண்ணப்பத்தை இன்றே போட்டுவிடுங்கள்; அதை மட்டும் நம்பி விமானம் ஏற வேண்டாம். கிறிஸ்தவ சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் சிறு விடுதிகளும் உண்டு. அவற்றுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும்.

முதலில் சேர்க்கைக் கடிதத்தில் எந்த வளாகம் என்று பாருங்கள். பெயர்தான் ம்யூனிக். கணினி அறிவியல், இயந்திரவியல் எல்லாம் கார்ஹிங்கில். வேளாண், உணவு அறிவியல் ஃப்ரைஸிங்கில். மேலாண்மைப் படிப்புகள் சில ஹைல்ப்ரோனில். ஹைல்ப்ரோன் வேறு மாநிலத்து ஊர், தினமும் போய்வர முடியாது. கார்ஹிங் என்றால் யு6 மெட்ரோ தடத்தை ஒட்டித் தேடுங்கள்.

முதல் செமஸ்டருக்குக் கைகொடுப்பது உள்வாடகை அறை. அங்குள்ள மாணவர்கள் பயிற்சிக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ போகும்போது மூன்று மாதம், ஆறு மாதம் என்று அறையை விட்டுப் போவார்கள். ‘ட்ஸ்விஷன்மீட்ட’ என்று தேடினால் வரும். வீட்டு உரிமையாளர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். போய் இறங்கிய பிறகு பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் இருந்து தேடலாம் என்று நினைத்தால் ஒரு சிக்கல்: செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா. மாணவர்கள் வந்து இறங்கும் அதே வாரங்களில் ஹாஸ்டல் படுக்கை விலை பல மடங்கு ஏறிவிடும்.

கே: விசாவுக்காக ஓராண்டுச் செலவைப் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் (பிளாக்ட் அக்கவுண்ட்) 11,904 யூரோ போட்டாயிற்று. வாடகை முன்பணத்துக்கு அதிலிருந்து எடுக்கலாமா? (மாணவர், கோவை)

எடுக்க முடியாது. அது மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதுவும் அங்கே போய்க் கணக்கை இயக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். ‘கால்ட்’ என்பது வெறும் வாடகை. ‘வார்ம்’ என்பதில் ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவு எல்லாம் சேரும். மின்சாரமும் இணையமும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும். முன்பணம் வெறும் வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வெறும் வாடகை 600, மொத்தம் 750 என்று வையுங்கள். முன்பணம் 1,800 வரை போகலாம். முதல் மாத வாடகையோடு 2,550. முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்டவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அறைக்கு நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அந்த உரிமையைக் கேட்பவருக்கு அறை கிடைப்பது கஷ்டம். முடக்கக் கணக்குக்கு வெளியே 3,000 யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஓர் அறை 550 யூரோ; முகவரிப் பதிவு முடியாது என்கிறார்கள். இன்னொன்று 780, பதிவு உண்டு. எதை எடுக்கலாம்? (மாணவி, மதுரை)

780. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் ‘அன்மெல்டுங்’. வீடு தருபவர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் இல்லாமல் அது நடக்காது. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவு இல்லாவிட்டால் விசாவைத் தங்கும் அனுமதியாக மாற்றுவது சிக்கிக்கொள்ளும். வரி எண் வராது, வரி எண் இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் சம்பளத்தில் அதிக வரி பிடிபடக்கூடும். மாதம் 230 மிச்சம் என்பது கண்துடைப்பு. கார்ஹிங்கில் குடியேறினால் பதிவும் கார்ஹிங் நகராட்சியில்தான், ம்யூனிக்கில் அல்ல.

பதிந்த கையோடு அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். நம் ஊர்போல ஃபிளாட் எண் எழுதும் வழக்கம் அங்கே பெரும்பாலும் இல்லை. தபால்காரர் பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் வரி எண் கடிதமும் வங்கி அட்டையும் வந்த வழியே திரும்பிவிடும்.

கே: ‘நான் லண்டனில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்’ என்கிறார் ஒருவர். நம்பலாமா? (மாணவர், நாகர்கோவில்)

வேண்டாம். நகர மையத்தில் பளபளக்கும் ஒரு முழு வீடு 450 யூரோவுக்கு என்றாலே சந்தேகப்படுங்கள். நேரலை வீடியோவில் அறையிலிருந்து தொடங்கி வாசல், தெருப் பெயர்ப்பலகை வரை காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அத்தோடு விடுங்கள். பாஸ்போர்ட் நகலும் அனுப்பாதீர்கள். உங்கள் பெயரில் அடுத்தவரை ஏமாற்ற அது உதவும். வீட்டைப் பார்க்கக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அதுவும் ஏமாற்று. 2015 முதல் தரகரை அமர்த்தியவர்தான் தரகுக் கூலி தர வேண்டும்.

கே: நண்பர்கள் நால்வர் சேர்ந்து தனி வீடு எடுத்தால் மலிவாக முடியாதா? (மாணவர், வேலூர்)

தலைக்குக் கணக்குப் போட்டால் மலிவுதான். ஆனால் நால்வரும் கையெழுத்திட்டால் ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. ஒருவர் வேலை கிடைத்து பெர்லின் போனாலும் அவர் மட்டும் தனியாக ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. பல வீடுகளில் சமையலறை மேடை, அடுப்பு, விளக்குகூட இருக்காது. கூடவே வருமானச் சான்றும் ‘ஷூஃபா’ என்ற கடன் வரலாறும் கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் இரண்டும் இராது. முதல் வருடம், ஏற்கெனவே நடக்கும் கூட்டு வீட்டில் ஓர் அறை போதும். வீட்டுக்கு ஒன்றாக மாதம் 18.36 யூரோ வரும் டிவி, வானொலி ஒலிபரப்புக் கட்டணத்தை அங்கு யார் கட்டுகிறார் என்று கேட்டு, அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணக் கடிதம் உங்கள் பெயருக்கு வரும்போது அதைக் காட்டினால் போதும்.

கே: காலி செய்யும்போது முன்பணத்தில் பூஞ்சைக்காகப் பிடித்தம் செய்வார்களாமே? (ஒரு தாயார், சென்னை)

செய்வார்கள். குளிர்காலத்தில் சோறு வடிக்கும் ஆவி, அறைக்குள் உலர்த்தும் துணி இரண்டும் போதும், ஜன்னல் ஓரச் சுவர் கறுத்துவிடும். ஜன்னலை நாள் முழுதும் லேசாகச் சாய்த்துத் திறந்து வைத்தால் சுவர் குளிர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும். ஹீட்டரைக் குறைத்து, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. சமைத்ததும் ஒரு முறை. குடிபுகும் அன்றே சுவர், தரை, மீட்டர் அளவு எல்லாம் எழுதிய ஒப்படைப்புக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பழைய கறை ஏதும் இருந்தால் அதில் ஏறிவிடும்.