வாசகர் கேள்வி - பதில்: மாடி அறையில் ஓர் அலுவலகம்

கேள்வி: தணிக்கையாளர் ஒருவரிடம் கணக்குப் பணி செய்கிறேன். வரும் மாதத்திலிருந்து வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. மாடியிலுள்ள பத்துக்குப் பத்து அறையை அலுவலகமாக்க எண்ணி, குரலுக்கு எரியும் விளக்கு, ஸ்மார்ட் பிளக், கேமரா என்று 30,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். ரவுட்டர் கீழே கூடத்தில் இருக்கிறது. எங்கள் பகுதியில் மின்வெட்டும் உண்டு. எதை முதலில் வாங்குவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு பொருள்களைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். ஒன்று, ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ். மற்றொன்று, கூடத்திலிருந்து மாடி அறை வரை ஒரு லேன் கேபிள். விளக்கு குரலுக்கு எரியாவிட்டால் எழுந்து சென்று ஸ்விட்சைப் போட்டுக்கொள்ளலாம். மாதத்தின் 20ஆம் தேதி மாலையில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்துகொண்டிருக்கும்போது இணையம் நின்றுவிட்டால், அந்தத் தவிப்பை எந்த ஸ்மார்ட் கருவியும் போக்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். மின்சாரம் நின்றபின் இன்வெர்ட்டர் பொறுப்பேற்பதற்குள் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி மின்விசிறியைப் பாதிப்பதில்லை, மடிக்கணினிக்கோ சொந்த பேட்டரி இருக்கிறது. ஆனால் சில ரவுட்டர்கள் அதற்குள் அணைந்து, மீண்டும் தொடங்கி, இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றன. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் ஒன்று பின்புறம் இருக்கும். அதை மாற்றினால் இடைவெளி குறையும். இன்வெர்ட்டரே இல்லையென்றால், ரவுட்டருக்கென்றே விற்கப்படும் கையடக்க யுபிஎஸ் நல்ல தீர்வு. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும். ஃபைபர் இணைப்பில் சில வீடுகளில் சுவரோரம் ஒரு பெட்டியும் ரவுட்டர் ஒன்றும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி அணைந்துவிட்டால் ரவுட்டர் மட்டும் எரிந்து பயனில்லை.

அடுத்தது லேன் கேபிள். கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது வைஃபை வலுவிழக்கிறது. வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் அதிகம் தேய்ந்துபோகும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்றுத் தொலைவு செல்லும், ஆனால் வேகம் குறைவு. ஆகவே கூடத்து ரவுட்டரிலிருந்து கேட் 6 வகைக் கேபிளை மாடிக்கு இழுத்து, மடிக்கணினியை நேரடியாக அதில் இணைத்துவிடுவதே என் விருப்பத் தேர்வு. 100 மீட்டர் வரை அது தாங்கும் என்பதால் உங்கள் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். மின்கம்பிகள் ஓடும் குழாய்க்குள்ளேயே அதைச் செலுத்த எலெக்ட்ரீஷியனை அனுமதிக்காதீர்கள். தனிக் குழாயில்தான் வர வேண்டும். மாடியில் கைபேசிக்கும் ஸ்மார்ட் கருவிகளுக்கும் அதே கேபிளின் முனையில், ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரித்துத் தரும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியும் இரண்டாவது வைஃபை கருவியும் வைத்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் பிளக், பல்பு ஆகியவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். இரண்டு அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்தால் சில கருவிகளை முதன்முறை இணைப்பது தடுமாறும். அப்போது பெயர்களைப் பிரித்துவிடுங்கள்.

எலெக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே அறையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத அறையில், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது கருவிகளைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டரை வாங்கி மாட்டுவது வீண் செலவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலோடு மழை பெய்யும் ஊர்களில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இவற்றுக்குப் பிறகு பணம் மிஞ்சினால், ரிமோட்டுடன் கூடிய பிஎல்டிசி மின்விசிறியை வாங்குங்கள். வழக்கமான மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், இது சுமார் 30 வாட்தான். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் இரண்டு மாத மின் கணக்கில் 27 யூனிட் மிச்சமாகும். பகல் முழுவதும் நீங்கள் வீட்டில் இருக்கப்போவதால் இது கண்ணில் தெரியும் சேமிப்பு.

கேமராவை மட்டும் அந்த அறைக்குள் வைக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மேசையில் இருப்பவை பிறருடைய வங்கிக் கணக்குகளும் பான் எண்களும். 2016இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரிய இணையதளங்களை முடக்கும் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. வாசலுக்குக் கேமரா தேவையென்றால் வையுங்கள். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். ரவுட்டரில் உள்ள விருந்தினர் வைஃபையில் ஸ்மார்ட் கருவிகளையெல்லாம் சேர்த்துவிட்டு, அலுவலகக் கணினியை முதன்மை இணைப்பில் தனியாக வைத்திருங்கள்.

கேள்வி: ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கை என் பணி அறையில் பொருத்தினேன். கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. பழுதா?
- வாசகர், மதுரை

பதில்: பழுது இல்லை. மலிவாகக் கிடைக்கும் பிஐஆர் சென்சார், உடல் வெப்பம் இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. விரல்கள் மட்டும் அசைய நீங்கள் அமர்ந்திருந்தால், அதைப் பொறுத்தவரை அறை காலியாகிவிட்டது. அணையும் நேரத்தை இருபது நிமிடமாகக் கூட்டினால் தொல்லை குறையும். மூச்சின் அசைவைக்கூட உணரும் ரேடார் வகைச் சென்சார்களும் விற்பனைக்கு வந்துள்ளன. ஆனால் சுழலும் மின்விசிறியையும் ஆடும் திரைச்சீலையையும் அவை ஆளென்று எண்ணி விளக்கை அணைக்காமலேயே விட்டுவிடுவதுண்டு. நம் ஊரில் மின்விசிறி ஓடாத அறை ஏது? சென்சாரைக் கழற்றி மாடிப்படியிலோ குளியலறையிலோ பொருத்துங்கள். அங்கே அது உண்மையிலேயே உதவும். மேசைக்குச் சாதாரண ஸ்விட்சே போதும்.

கேள்வி: ஒன்றரை டன் ஏசியை ஸ்மார்ட் பிளக் வழியாக, கைபேசியிலிருந்து இயக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். உங்கள் ஏசி அதைத் தாண்டிவிடும், பிளக் சூடாகி உருகும் அபாயம் உண்டு. 16 ஆம்பியர் பிளக் சுமையைத் தாங்கினாலும், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரத்தை வெடுக்கென்று துண்டிப்பது அதற்கு நல்லதல்ல. ரிமோட்டின் அகச்சிவப்புக் கட்டளைகளைக் கைபேசியிலிருந்து அனுப்பித் தரும் ஐஆர் கருவி ஒன்றை, ஏசி நேரே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் அழுத்தியது போலவே ஏசி முறையாக நிற்கும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கருவியைக் கையோடு எடுத்துச் செல்லவும் முடியும்.