கண்டாவளை எந்தச் சபை?

கேள்வி: "போரில் சிதைந்து மீண்டுவரும் உள்ளூராட்சி மன்றங்கள் சிலவற்றுக்கு விவரத்திரட்டு (மக்கள், வீடு, சேவைகள் பற்றிய எண்களின் தொகுப்பு) தயாரிக்க வேண்டும். அதற்கு ஓர் ஆலோசகரை எடுக்கப்போகிறோம். நல்ல ஆளை எப்படி அடையாளம் காண்பது?"

எந்த நாடு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எனக்குத் தெரிந்தது இலங்கையின் வடக்கு, அதை வைத்துத்தான் சொல்ல முடியும். இந்த வேலையின் மூன்று பக்கத்திலும் நின்றிருக்கிறேன். முதலில் மோட்டார் சைக்கிளில் படிவக் கட்டோடு திரிந்த தரவு சேகரிப்பாளன், பிறகு ஆலோசகர், இப்போது விண்ணப்பங்களுக்குப் புள்ளி போடும் குழுவில் ஒருவன். மூன்றிலும் பிழை விட்டிருக்கிறேன், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நேர்முகத்துக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒரு சின்னக் கேள்வி: "கண்டாவளை எந்தச் சபைக்குள் வருது?" கிளிநொச்சி மாவட்டத்தில் அரச நிர்வாகக் கந்தோர்களான பிரதேச செயலகங்கள் நான்கு: கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி. தேர்தலில் தெரிவாகும் பிரதேசசபைகளோ மூன்றுதான். கண்டாவளைக்குத் தனிச் சபை கிடையாது, அது கரைச்சிப் பிரதேசசபைக்குள் அடக்கம். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானும் இப்படித்தான். செயலகம் தனியாக இருக்கிறது, சபை புதுக்குடியிருப்பு. யாழ்ப்பாண மாநகரசபையை எடுத்தால் அதன் எல்லை யாழ்ப்பாணப் பிரதேச செயலகத்தோடு நிற்காமல் நல்லூர்ப் பக்கமும் நீள்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தெரியலாம். ஆனால் விவரத்திரட்டுகள் முதலில் கவிழ்வது இங்கேதான். சனத்தொகை, குடும்பம், வீடு, வாழ்வாதாரம் பற்றிய எண்களெல்லாம் கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும் அங்கிருந்து கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) போகின்றன. அது மத்திய அரசின் வழி. குப்பை, சந்தை, உள்ளூர் வீதி, தெருவிளக்கு, நூலகம், சுடலை இவையெல்லாம் சபையின் பொறுப்பு. சபையோ 1987 இன் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் கீழ் வருகிறது. இரண்டு கந்தோரும் ஒரே வீதியில் எதிரெதிரே இருந்தாலும் கோப்புகள் சந்திப்பதில்லை. கச்சேரியின் புள்ளிவிவரக் கையேட்டில் "கரைச்சி" என்ற வரியை எடுத்து அதைச் சபையின் சனத்தொகையாகப் போட்டால் கண்டாவளை முழுதும் காணாமல் போய்விடும். தலைக்கு எவ்வளவு வருமானம், எத்தனை குடும்பத்துக்கு ஒரு குப்பை ட்ரக்டர் என்ற கணக்கெல்லாம் அதோடு சேர்ந்து பிழையாகிவிடும். அப்படி அச்சான அறிக்கை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அட்டை மட்டும் மிக அழகு.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டும் என்பதில்லை. "தெரியாது, எல்லை வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம்" என்றவரை எடுத்திருக்கிறோம், அவர் நன்றாகவே செய்தார். "அது தனிச் சபைதானே" என்று உடனே அடித்துச் சொல்பவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "இங்கே எத்தனை பேர் இருக்கினம்?" வடக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு 1981 இல் நடந்தது. அடுத்த முழுமையான மதிப்பீடு 2012 இல்தான். 2001 இல் வடக்கின் பெரும்பகுதியில் எண்ண முடியவில்லை. அந்த 31 வருட இடைவெளிக்குள்தான் எல்லாமே நடந்து முடிந்தது. இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள், 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். 2024 இல் மறுபடியும் எண்ணினார்கள். கிராம அலுவலர் பட்டியல் ஓர் எண்ணைச் சொல்லும், வாக்காளர் இடாப்பு இன்னொன்றைச் சொல்லும்.

இந்த வித்தியாசத்துக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது. அவர்களில் பலருக்குக் காணி மன்னாரின் முசலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடம் புத்தளத்தில் இருக்கும். அவர்கள் எந்தச் சபையின் மக்கள்? தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பப்போகிறோம் என்று சொல்லும் மன்னார்க் குடும்பத்தை எங்கே எழுதுவது? ஒரே எண்ணை எழுதிவிட்டு நகர்பவர் உங்களுக்கு வேண்டாம். குப்பைக்கும் தண்ணீருக்கும் இன்று அங்கே படுத்து எழும்புகிறவர் கணக்கு, காணிக்கும் சோலைவரிக்கும் (சபை அறவிடும் சொத்துவரி) உரித்தாளர் கணக்கு, பள்ளிக்கூடம் சந்தை என்று வந்தால் திரும்பக்கூடியவர்களையும் சேர்த்த கணக்கு. மூன்றையும் திகதியோடும் எல்லையோடும் எழுதுகிறவரைத் தேடுங்கள்.

வீட்டுக் கணக்கிலும் இதே சிக்கல்தான். யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. சொந்தக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார், முற்றம் கூட்ட மட்டும் ஒருவர் வந்து போவார். சபை ஏட்டில் அதுவும் ஒரு வீடு. நான் ஆலோசகராக இருந்த காலத்தில் இதை உடைத்துத் தந்தவர் சபையின் குப்பை ட்ரக்டர் சாரதி. செயலாளரோடு இரண்டு மணி நேரம் கதைத்தும் கிடைக்காத விவரம், அவரோடு ஒரு காலை சுற்றியதில் கிடைத்தது. எந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டிலிருந்து வாளி வெளியே வருகிறது, எந்த வீதி மழைக்குத் தாழும், எந்த வீட்டில் ஆள் வந்து மூன்று மாதம் என்று எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அன்றிலிருந்து விண்ணப்பதாரரிடம் "சபைக்குள் யார் யாரோடு கதைப்பீர்கள்?" என்று கேட்கிறேன். தவிசாளர் (சபையின் தலைவர்), செயலாளர் என்று நிறுத்துபவருக்குப் பாதிப் புள்ளி. வருமானப் பரிசோதகர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், நூலகர், சாரதி என்று கீழே இறங்குபவருக்கு முழுப் புள்ளி.

சேதக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. அநேகமான படிவங்களில் "போரால் சேதம்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். 2004 டிசெம்பரில் கடல் கொண்டுபோன வீட்டை மறுபடி கட்டி, அது 2009 இல் ஷெல்லில் போய், மூன்றாவது வீடு வீட்டுத்திட்டத்தில் வந்திருக்கும். அந்த அம்மா எதற்கு ஆம் என்பார்? எங்கள் சனம் ஆண்டை இலக்கத்தால் சொல்வது குறைவு. "95 இடப்பெயர்வு" (1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் கூட்டமாக வெளியேறியது), "சுனாமிக்கு முதல்", "முகாமிலிருந்து வந்த வருசம்" என்றுதான் சொல்வார்கள். அந்த நாட்காட்டி தெரியாதவர் எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும் வன்னியில் ஒரு நேர்காணலை முடிக்க மாட்டார்.

என் பிழை ஒன்று. முதல் வேலையில் ஒரு வீட்டுப் படலையில் நின்று "பதிவுக்கு வந்திருக்கிறம்" என்றேன். உள்ளே போன ஆள் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டு ஐயாதான் சொன்னார், "தம்பி, அந்தச் சொல்லைச் சொல்லாதையும். இஞ்ச பதிவு எண்டால் வேற." எத்தனை தரப்பு எத்தனை தடவை வந்து பெயர் எழுதிப்போன ஊர் அது. அதற்குப் பிறகு "கேட்டுப்போக வந்தம்" என்றுதான் தொடங்குவேன். ஆலோசகர் செய்ய வேண்டியதை நீங்கள் எழுதிக் கொடுக்கும் பணிவரையறையிலும் (ToR) இதற்கு இடம் வேண்டும். பெண் தலைமைத்துவக் குடும்பம் எத்தனை என்று எண் கேளுங்கள், பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். முன்னாள் போராளிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் என்று வரும்போது வட்டார மட்டத்துக்குக்கூட இறங்க வேண்டாம். ஒரு வட்டாரத்தில் நான்கு பேர் என்று எழுதினால் அந்த நான்கு பேர் யார் என்று ஊருக்கே தெரியும். எக்செல் கோப்பு எங்கெல்லாம் போகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, ஆலோசகராலும் சொல்ல முடியாது.

அப்புறம், காலம். நிதி தருபவரின் ஆண்டு டிசெம்பரில் முடிவதால் இந்த ஒப்பந்தங்கள் செப்டெம்பரில் கையெழுத்தாகி, களவேலை நேராக ஒக்டோபர், நவம்பர், டிசெம்பரில் போய் விழும். எங்களுக்கு அதுதான் மாரி. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் கிடந்தன, சபை ஊழியர்கள் எல்லோரும் நிவாரண வேலையில். அந்த வாரத்தில் போய்ப் படிவத்தை நீட்டினால் யார் பதில் சொல்வார்கள்? வேலைத் திட்டத்தில் மழையைக் குறிப்பிடாத விண்ணப்பத்தை நான் தயங்காமல் கீழே வைத்துவிடுவேன்.

அனுமதியை ஆலோசகர் தலையில் கட்டாதீர்கள். மாகாண உள்ளூராட்சி ஆணையாளரின் கடிதம் ஒன்றும், பிரதேச செயலகத் தரவுக்காகக் கச்சேரியின் தலைவரான அரச அதிபரின் கடிதம் ஒன்றும் ஒப்பந்தத்துக்கு முதலே உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுக்கும் முதல் பத்து நாளும் வாங்கில் குந்தியிருந்தே போய்விடும்.

பழைய தரவை வாசிக்கும்போது ஆளும் முறையையும் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கின் 34 சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2011 இல் தேர்தல் நடந்தது. புதுக்குடியிருப்பும் கரைதுறைப்பற்றும் 2018 வரை காத்திருந்தன. 2018 இல் வந்த சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6 இல்தான். இடையில் செயலாளர்கள் தனியே நடத்தினார்கள். அந்த இரண்டு வருட வரவு செலவை மற்ற வருடங்களோடு ஒப்பிட்டுக் கோடு கீறினால் கோடு வரும், அர்த்தம் வராது.

இனி உங்கள் பக்கம். இந்த விவரத்திரட்டு யாருக்கு? ஒரு பிரதேசசபைச் செயலாளர் தன் அலுமாரியைத் திறந்து காட்டினார். வெவ்வேறு நிறுவனங்கள் செய்த ஏழு அறிக்கைகள், ஏழும் ஆங்கிலம். "தம்பி, இதுகளில ஒண்டையாவது எங்கட ஆக்கள் வாசிச்சிருப்பினமோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது, ஏழில் ஒன்று நான் எழுதியது. ஆகவே எந்த முடிவுக்காக இந்த எண்கள் வேண்டும் என்று பணிவரையறையின் முதல் வரியில் எழுதுங்கள். அடுத்த வருடப் பாதீடா, குப்பை மேட்டுக்கு இடம் தேடவா, சந்தைக் கட்டடமா? அது தெரிந்தால் நாற்பது பக்கம் தேவையில்லை, பன்னிரண்டு போதும். அது தெரியாவிட்டால் ஆலோசகரைத் தேடுவதையே ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த ஏழு அறிக்கையையும் வாசித்து எது இன்னும் செல்லும், எது செல்லாது என்று சொல்வதையே முதல் கட்ட வேலையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

புள்ளியிடலில் தொழில்நுட்பத்துக்கு 70, விலைக்கு 30 என்பது வழக்கமான பங்கீடு. அதைக் குழப்பத் தேவையில்லை. ஆனால் மிகக் குறைந்த விலை வந்தால் களநாள் எத்தனை என்று பாருங்கள். அநேகமாக அங்கேதான் வெட்டியிருப்பார்கள். ஒரு சபைக்கு ஐந்து நாளுக்குக் கீழே என்றால் அது தொலைபேசியில் செய்யும் வேலை. தனி ஆளா நிறுவனமா என்று கேட்டால், மூன்று நான்கு சபைக்கு ஒரு மூத்தவரும் ஊர் தெரிந்த இரண்டு இளையவர்களும் போதும். நிறுவனத்தை எடுத்தால் விண்ணப்பத்தில் பெயர் இருக்கும் பெரியவர் களத்துக்கு எத்தனை நாள் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

தவணையை இப்படிப் பிரியுங்கள்: தொடக்க அறிக்கைக்கு ஒரு சிறு பங்கு, வரைவைச் சபைக் கூட்டத்தில் தமிழில் வாசித்து உறுப்பினர்களிடம் திருத்தம் வாங்கிய பிறகு பெரும்பங்கு. கடைசிப் பங்கைத் தமிழ் அச்சுப்பிரதியும் எக்செல் கோப்பும் சபைக்குப் போய், சபை உத்தியோகத்தர் ஒருவர் ஆலோசகரின் உதவியில்லாமல் அதில் ஓர் எண்ணை மாற்றிக் காட்டிய பிறகு கொடுங்கள். நாங்கள் இரண்டு முறை இப்படி எழுதினோம். ஒரு முறை கடைசிப் பங்கு நான்கு மாதம் நின்றது. ஆலோசகருக்கு எங்கள் மேல் இன்னும் கோபம்தான், அந்தக் கோப்பு மட்டும் இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது.