சைடு விங்கிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. இங்கே இலக்கியக் கூட்டம், நாடகம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. யாரையும் தெரியாமல் போய் உட்காரலாமா?
(வாசகி, விழுப்புரத்திலிருந்து வந்தவர்)

தாராளமாக உட்காரலாம். வங்கி மாற்றலில் இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் ஆழ்வார்பேட்டையில் இலக்கியச் சிந்தனைக் கூட்டத்துக்குப் போனேன். 1970இல் தொடங்கிய அமைப்பு அது. அந்த மாதப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளையெல்லாம் ஒருவர் படித்துவிட்டு வந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் இது என்று சொல்வார். கதவோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "நீங்களா இருந்தா எந்தக் கதைக்குக் குடுப்பீங்க?" என்றார். என் பெயரை அவர் கேட்டது மூன்றாவது மாதம்.

பெரிய கூட்டத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். முப்பது பேர் வந்தாலே நடத்துகிறவருக்கு முகம் மலர்ந்துவிடும். கே.கே. நகரில் பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தன் வீட்டுக் கிணற்றடியிலேயே எழுத்தாளர்களை அழைத்துப் பேசவைத்தார். எழுத்தாளர் பாஸ்கர் சக்தியும் சேர்ந்து நடத்திய அந்தச் சந்திப்புக்குப் பெயரே 'கேணி'. ஞாநி 2018இல் போய்விட்டார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இன்னும் என் தலை தானாகத் திரும்புகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பேச்சாளரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் நம் ஆட்கள் டீக்கடையில்தான் கேட்பார்கள். எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்தால் பத்து வரை நிற்பார்கள். கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சபா நாடகக்காரர்களுக்கும் நவீன நாடகக்காரர்களுக்கும் ஏன் ஆகாது?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

சண்டை என்று சொல்ல முடியாது. இவர் நாடகத்துக்கு அவர் போகமாட்டார், அவர் நாடகத்துக்கு இவர் போகமாட்டார், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் போனதால் இரண்டு பக்கமும் என்னை ஒற்றன் மாதிரி பார்த்தார்கள்.

சபா நாடகத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவைச் சென்னையில் தொடங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. பின்னாளில் வக்கீலாகி, நீதிபதியும் ஆனார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், பொழுதுபோன பிறகு வேஷம் கட்டுகிற வழக்கம் அங்கிருந்து வந்தது. என் குழுவில் கதாநாயகன் ரயில்வே, வில்லன் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஏ.ஜி. ஆபீஸ், நான் வங்கி. ஒத்திகை எப்போதும் மொட்டை மாடியில், ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு மேல். ஆடிட் வந்தால் வில்லன் வரமாட்டார். வில்லன் இல்லாமலே கதாநாயகன் வசனம் பேசுவார்.

நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறை வேறு ஜாதி. ந. முத்துசாமி சிறுபத்திரிகையில் கதை எழுதிக்கொண்டிருந்தவர். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தில் மனதைப் பறிகொடுத்து, 1977இல் பட்டறையைத் தொடங்கினார். அங்கே நடிகன் உடம்பைப் பழக்கவேண்டும், குரலைப் பழக்கவேண்டும், நாள் முழுக்க. முதல் தடவை போனபோது அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. எங்கள் குழுவில் வந்து சொன்னேன். "ஜோக் இருக்கா?" என்றார் ரயில்வே. அந்தப் பக்கத்து நண்பரிடம் எங்கள் நாடகத்தைப் பற்றிச் சொன்னபோது அவரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்: "வெறும் ஜோக்தானே?"

இரண்டு பக்கமும் மதித்தவர் என்றால் கோமல் சுவாமிநாதனைச் சொல்வேன். சபா மேடையிலேயே 1980இல் 'தண்ணீர் தண்ணீர்' போட்டார். தண்ணீர் இல்லாத கிராமத்தின் கதையை, மடிப்புக் கலையாத வேட்டிகளும் பட்டுப்புடவைகளும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தன. அப்புறம் 'சுபமங்களா' இலக்கிய இதழின் ஆசிரியராகி, சிறுபத்திரிகைக்காரர்களை நீண்ட பேட்டிகள் எடுத்துப் போட்டார். 1995இல் அவர் மறைந்த பிறகு அந்த இடத்தில் இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

கேள்வி: விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் நடிப்பு படித்தவரா?
(வாசகர், தேனி)

கணக்கராகச் சேர்ந்தவர். கணக்கு எழுதிக்கொண்டே பக்கத்தில் நடப்பதைக் கவனித்திருக்கிறார். நானும் முப்பது வருடம் கணக்கு எழுதியவன்தான். என் பக்கத்தில் நடந்ததெல்லாம் நகைக்கடன்.

கேள்வி: மேடையில் மானம் போன அனுபவம் உண்டா?
(கல்லூரி மாணவர், மதுரை)

எனக்கு இன்ஸ்பெக்டர் வேஷம். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "யாரும் அசையக் கூடாது" என்று கத்தவேண்டும். அன்றைக்கு செட்டுக்காரர் கதவைத் திருப்பி மாட்டிவிட்டார். தள்ளினேன், கதவு அசையவில்லை, சுவர்தான் ஆடியது. உள்ளே சுவரில் மாட்டியிருந்த காந்தி படம் விழுகிற சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, வசனத்தைச் சொன்னேன். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

சபா செயலாளருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த பதினோரு மேடையிலும் நான் ஜன்னல் வழியாகத்தான் வந்தேன். கதவு ஒழுங்காகத்தான் இருந்தது.