நன்றியை எதிர்பார்த்தா வகுப்புக்குள் போகிறீர்கள்?

கேள்வி: கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் ஒன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறேன். ஊழியம் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஜெபித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறேன். பிள்ளைகளோ மடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். இன்டர்னல் மார்க் போடும் வாரத்தில் மட்டும் "மேம், மேம்" என்று பின்னால் வருகிறார்கள். ஒருவருக்கும் நன்றி இல்லை. கர்த்தர் இவர்கள் மனதை மாற்றுவாரா? இல்லை, நான் வேறு வேலை தேடவா?
– உதவிப் பேராசிரியை ஒருவர், தென் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் வருத்தம் பாவமில்லை. "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசுவே கேட்டிருக்கிறார் (லூக்கா 17:17). பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், திரும்பி வந்தவன் ஒரு சமாரியன் மட்டும். ஆனால் வராத ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பி வரவில்லை. கொடுத்த சுகத்தை அவர் திரும்பப் பெறவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இன்டர்னல் மார்க். பல கல்லூரிகளில் நூற்றுக்கு 25 ஆசிரியர் கையில் இருக்கிறது. மரியாதை காட்டாதவனுக்கு அதில் மூன்று மார்க் குறைந்தால், அது கண்டிப்பு ஆகாது, கள்ளத் தராசு. அளவிலும் நிறையிலும் படியிலும் அநியாயம் செய்யக் கூடாது என்கிற லேவியராகமம் 19:35 மார்க் பட்டியலுக்கும் பொருந்தும். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. மனம் கசந்திருக்கும்போது கை தானாக அந்தப் பக்கம் போகும், அதனால் சொல்கிறேன்.

இரண்டு குறைகளை ஒன்றாகக் கட்டி எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் படிப்பதில்லை என்பது ஒன்று, நன்றி சொல்வதில்லை என்பது இன்னொன்று. முதலாவது உங்கள் வேலை. இரண்டாவது அவர்கள் உங்களுக்குப் பட்ட கடனே அல்ல. ஊழியம் என்று நீங்கள் செய்த தீர்மானத்தில் அந்தப் பிள்ளைகள் கையெழுத்துப் போடவில்லை. "மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே" என்ற கொலோசெயர் வசனத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் ஆசிரியர்கள் நம்மில் நிறையப் பேர். அதை நம்புகிறவர் கூலியை மாணவனிடம் கேட்கலாமா? (இதே வசனத்தைக் காட்டி நிர்வாகம் உங்கள் தலையில் கூடுதல் வகுப்புகளைக் கட்டினால் அது வேறு விஷயம். உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லும் பாடவேளை வாரம் 16 மணி நேரம். அந்தக் கோபம் இருந்தால் அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், வகுப்பறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.)

இந்தத் துயரம் போன் வந்த பிறகு பிறந்ததும் அல்ல. பிற்பாடு ஆயரான புனித அகுஸ்தினார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆசிரியராக இருந்தபோது மாணவர்கள் வகுப்புக்குள் கூட்டமாகப் புகுந்து ரகளை செய்தார்கள். அது பொறுக்காமல் கி.பி. 383-இல் ரோமுக்குப் போனார். அங்கே மாணவர்கள் அமைதியானவர்கள்தான். ஆனால் சம்பளம் கொடுக்கும் நாள் நெருங்கியதும் கூட்டாகப் பேசி வைத்து வேறு ஆசிரியரிடம் மாறிவிடுவார்கள். ஏறக்குறைய 400-இல், அவர் ஆயராக இருந்தபோது, விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கற்பித்துவந்த கார்த்தேஜின் தியாக்கோன் (திருச்சபை உதவி ஊழியர்) தெயோகிராசியாஸ் இதே சலிப்பைச் சொல்லி ஆலோசனை கேட்டார். அகுஸ்தினார் ஒரு முழு நூலே எழுதிப் பதில் அனுப்பினார். ஆசிரியரின் சலிப்புக்கு அவர் வரிசையாகச் சொல்லும் காரணங்களில் கேட்பவன் அசையாமல் இருப்பதும் ஒன்று. அதற்கு அவர் தரும் மருந்து ஜெபம் மட்டும் அல்ல. அவன் பயப்படுகிறானா, புரியாமல் இருக்கிறானா, ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டு அலுத்துவிட்டானா என்று கேட்டுக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். நின்றே கேட்டுக் களைத்தவனுக்கு ஓர் இருக்கை கொடுங்கள் என்றுகூட எழுதுகிறார்.

உங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தீர்களா? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் மட்டும் ஓடும் வகுப்பில் வாயே திறக்காது. அதை நாம் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். இரவு கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு வந்தவன் முதல் பீரியடில் தூங்கினால் அதை அவமரியாதை என்கிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. புரிந்தது ஒரு வரி, புரியாதது ஒரு வரி, தமிழிலோ ஆங்கிலத்திலோ. பெயர் வேண்டாம். அறுபது சீட்டைப் புரட்ட இருபது நிமிடம் போதும். "மோலாரிட்டி சரி, மோலாலிட்டி குழப்பம்" என்று பத்துப் பேர் எழுதியிருந்தால், மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். ஒன்று ஒரு லிட்டர் கரைசலுக்கு, மற்றது ஒரு கிலோ கரைப்பானுக்கு என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போங்கள். வாரம் ஒரு முறை போதும். இது கெட்டுப்போவது இரண்டு வழியில். சீட்டை வாங்கிவிட்டு மறுநாள் அதைப் பற்றிப் பேசாவிட்டால் மூன்றாம் வாரமே "எல்லாம் புரிந்தது" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். சீட்டை வருகைப் பதிவுக்குப் பயன்படுத்தினால் உண்மை எழுத மாட்டார்கள். கேள்வி கேட்டதும் நீங்களே பதில் சொல்லிவிடும் பழக்கம் இருந்தால், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். அவர்களில் பலர் அப்போதுதான் கேள்வியை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள். டெஸ்ட் பேப்பரை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள், தவறு எந்த வரியில் தொடங்கியது என்று வட்டமிட்டு. மூன்று வாரம் கழித்து வரும் பேப்பரில் மார்க்கைத் தவிர யாரும் எதையும் பார்ப்பதில்லை.

ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்புக்குப் போகுமுன் நீங்கள் ஜெபிப்பது நல்லது. திட்டுவதற்கு முன்னுரையாக மாணவர்கள் முன் வசனம் சொன்னால், அந்த வசனத்தைத்தான் அவர்கள் வெறுக்கத் தொடங்குவார்கள். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் உங்கள் முன் இருக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில், சம்மதம் இல்லாதவரை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் சொல்லக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. "இவர்கள் மனதை மாற்றும்" என்று ஜெபிப்பதை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து நாளுக்கு ஐந்து பெயர், அவரவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். முகம் நினைவுக்கு வராத பெயர்கள் எத்தனை என்று அப்போது தெரியும். மறுநாள் அவர்களை வகுப்பில் தேடிப் பாருங்கள்.

"எதுவரைக்கும் உங்களிடத்தில் பொறுமையாய் இருப்பேன்?" என்று இயேசு சலித்துக்கொண்டது மாற்கு 9:19. அந்த வசனம் அங்கே முடியவில்லை. நோயுற்ற சிறுவனைக் குறித்து "அவனை என்னிடத்தில் கொண்டுவாருங்கள்" என்று முடிகிறது. சலிப்பும் அடுத்த வேலையும் ஒரே மூச்சில்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். ஒரு முழு செமஸ்டர் இதைச் செய்து பார்த்தும் வகுப்பறை வாசலில் கால் கூசினால் விடலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது. அகுஸ்தினாரும் 386-இல் ஆசிரியர் வேலையை விட்டார். முடிவு செய்த அன்றே எழுந்து போகவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இருபது நாள்போல இருந்தது, அதுவரை வகுப்பு நடத்திவிட்டுத்தான் போனார். நீங்களும் இன்டர்னல் மார்க்கைக் கையெழுத்திட்டு ஒப்படைத்து, பிராக்டிகல் ரெக்கார்டுகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, செமஸ்டர் முடிவில் போங்கள்.